மாடித் தோட்டத்து மூலிகைச் செடிகளுக்கு வரும் பூச்சிகளைப் படமெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாடியில் சில மூலிகைத் தொட்டிகளும் கையில் ஒரு போனும் இருந்தால் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். கேமரா வைத்திருப்பவர்களுக்கும் தனியாகச் சில குறிப்புகள் தந்திருக்கிறேன். ஆனால் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கருவியால் இல்லை. முதல் வேலையாக லென்ஸ் வாங்குகிறார்கள், அப்புறம் பூச்சியைத் துரத்துகிறார்கள், வெளிச்சத்தையும் பின்னணியையும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிச் சிரமம் குறைந்துவிடும். செடி, நேரம், பின்னணி, கருவி, கடைசியில் பூச்சி என்ற வரிசையில்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1. எந்தச் செடிக்கு யார் வருவார்கள்

மூலிகை வளர்ப்பவர்களின் கை துளசிக் கதிரைக் கண்டதும் கிள்ளிவிடும். செடி கிளைத்து இலை நிறைய வர அது சரியான வழக்கம்தான். படமெடுக்க நினைத்தால் மட்டும் இரண்டு தொட்டிகளையாவது கிள்ளாமல் விடுங்கள். பூக்காத துளசிக்கு எந்தத் தேனீயும் வராது. துளசியைவிடத் திருநீற்றுப்பச்சிலைக்கு இன்னும் கூட்டம் அதிகம். அந்த வெள்ளைப் பூக்கதிருக்குக் கொம்புத் தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத் தேனீ மூன்றுமே வரும். கூடவே வயிற்றில் நீலப் பட்டைகள் ஓடும் நீலப்பட்டைத் தேனீயும் வரும். முதல் முறை பார்ப்பவர்கள் அதன் நிறத்தை நம்ப மாட்டார்கள்.

கொத்தமல்லியிலும் சோம்பிலும் ஒரு ஓரத்தைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். குடை விரித்தாற்போல வரும் அந்தச் சின்னப் பூக்களில் தேன் ஆழத்தில் இல்லை, மேலேயே இருக்கும். அதனால் நீண்ட உறிஞ்சுகுழல் இல்லாத ஈக்கள், சிறு குளவிகள், பொறிவண்டுகள் எல்லாம் அங்கே வந்து உட்காரும். பூ தட்டையாக இருப்பதால் பூச்சி இலைக்குப் பின்னால் மறையாது. புதியவர்கள் பழகுவதற்கு இதைவிட வசதியான மேடை கிடையாது.

தூதுவளையின் ஊதாப் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மஞ்சள் குழல்களின் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும். 'ர்ர்ர்' என்று சத்தம் மாறுவது காதுக்கே கேட்கும். அந்தச் சில நொடிகள் தேனீ ஓரிடத்தில் நிற்கிறது என்பதால் அழுத்த வேண்டிய நேரம் அதுதான். செடியில் முள் உண்டு, கை வைக்கும்போது கவனம்.

கறிவேப்பிலைக்குப் பூவைவிட இலைதான் முக்கியம். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி ஆகிய இரண்டு பட்டாம்பூச்சிகளும் அதில் முட்டையிடும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மழைக்குப் பிறகு தொட்டி ஓரத்தில் தானாக முளைக்கும் தும்பையைப் பிடுங்க வேண்டாம். அசுவினி (தண்டில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) பிடித்த ஒரு கிளையையும் விட்டுவைக்கலாம். அசுவினி இருந்தால் எறும்பு வரும், பொறிவண்டு வரும், கண்ணாடி இறக்கைப் பூச்சி வந்து நூல் காம்பின் நுனியில் முட்டை வைத்துவிட்டுப் போகும். வீட்டில் இதற்கு எதிர்ப்பு கிளம்பலாம். ஒரே ஒரு தொட்டி என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மருந்து தெளிப்பதை நிறுத்தினால்தான் மேலே சொன்னதெல்லாம் நடக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் பூவின் மேல் அடிக்கக் கூடாது. அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீக்கள் போன பிறகு, மாலையில், இலைகளில் மட்டும் அடியுங்கள்.

2. கேமரா இல்லாமல் சில நாள் பாருங்கள்

பலர் தாண்டிக் குதிக்கிற படி இது. ஒரு ஸ்டூல் போட்டு, காபி டம்ளரோடு பூத்த செடிக்கு எதிரே காலையில் கால் மணி நேரம் உட்காருங்கள். வெயில் எப்போது எந்தத் தொட்டியில் விழுகிறது, முதலில் யார் வருகிறார்கள், எந்தக் கதிரில் இறங்குகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

காரணம் எளிது. பூச்சிக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. செங்குத்தான பூக்கதிரில் தேனீ பெரும்பாலும் கீழ் அடுக்கில் தொடங்கி மேல்நோக்கி ஏறும். இது தெரிந்தவர் தேனீ இருக்கிற பூவை விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள பூவில் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பார். தெரியாதவர் ஒவ்வொரு முறையும் தேனீ கிளம்பிய பூவைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

மாலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் பொழுது சாயும் நேரத்தில் காய்ந்த குச்சியையோ மெல்லிய தண்டையோ தாடையால் கவ்வித் தொங்கியபடி தூங்கும். பல நேரம் நாலைந்து பேர் ஒரே குச்சியில் வரிசையாகத் தொங்குவார்கள். மறுநாளும் அதே இடத்துக்கு வருவது வழக்கம். பகலில் ஒரு நொடி நிற்காத பூச்சி இங்கே அசையாமல் கிடைக்கும். அதனால் செடிகளில் காய்ந்த குச்சிகள் எல்லாவற்றையும் ஒடித்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள்.

3. நேரமும் காற்றும்

பூச்சியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சுறுசுறுப்பாகும். இரவில் செடியிலேயே தங்கும் பட்டாம்பூச்சி, தும்பி, வண்டு போன்றவற்றுக்குச் சூரியன் செடியைத் தொடுவதற்கு முந்தைய அரை மணி நேரம் சிறந்தது. தேனீக்களுக்கு அதற்குப் பிறகு, வெயில் பூவில் விழத் தொடங்கியதிலிருந்து பத்து மணி வரை.

பதினொன்றிலிருந்து மூன்று வரை நம் ஊர் வெயிலில் படமெடுப்பது வீண். வெளிச்சம் நேர் மேலிருந்து விழுவதால் பூச்சியின் முகம் இருட்டிவிடும், முதுகு வெளுத்துப்போகும். அந்த நேரத்தில்தான் எடுக்க முடியும் என்றால், துணி காயப்போடும் கொடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்துச் செடிக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்படி கட்டுங்கள். வெளிச்சம் மென்மையாகி நிழலின் கூர்மை போய்விடும். கடையில் விற்கும் டிஃப்யூசர் செய்வதும் இதே வேலைதான்.

பச்சை நிழல்வலைக்குக் கீழே செடி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலை வழியாக வரும் வெளிச்சமும் பச்சையாக இருக்கும். வெள்ளைப் பூ, கறுப்பு எறும்பு எல்லாமே பச்சை பாய்ந்து நிற்கும். பிறகு போனில் நிறத்தைத் திருத்தினாலும் முழுதாகச் சரியாகாது. தொட்டியை வலைக்கு வெளியே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

காற்று இந்த வேலையின் பெரிய எதிரி. பூச்சியை நெருங்கி எடுக்கும்போது தண்டு ஒரு சென்டிமீட்டர் ஆடினாலே அது ஃபோகஸை விட்டு வெளியே போய்விடும். ஆடிக் காற்றில், அதுவும் தென்காசி, தேனி, கோவை பக்கம் மாடியில் நின்று துளசிக் கதிரை எடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. அந்த மாதங்களில் அதிகாலையை விட்டால் வேறு நேரம் கிடைப்பது கஷ்டம். கார்த்திகை மழை ஓய்ந்து செடிகள் தழைத்திருக்கும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு நேர்மாறு. காற்று குறைவு, வெயில் சாய்வாக விழும், உள் மாவட்டங்களில் பனித்துளியும் கிடைக்கும்.

4. தொட்டியை நகர்த்துங்கள்

நிலத்தில் நட்ட தோட்டத்தைவிடத் தொட்டித் தோட்டத்துக்கு உள்ள ஒரே பெரிய வசதி, செடியை நகர்த்த முடிவது. இதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. கைப்பிடிச் சுவரின் வெள்ளை, நீலத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் தொங்கும் சிவப்புச் சேலை இவையெல்லாம் பின்னணியில் வந்து பூச்சியைத் தின்றுவிடும்.

முதல் நாள் மாலையே தொட்டியை எடுத்து, பூவுக்குப் பின்னால் குறைந்தது ஒன்றிரண்டு மீட்டருக்கு வெற்றிடமும் அதற்கப்பால் வேறு செடிகளின் பசுமையும் இருக்கும்படி வையுங்கள். தூரம் எதற்கென்றால், பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மங்கி ஒரே நிறமாகக் கரையும். பகலில் பூச்சிகள் வந்துபோகும்போது நகர்த்தாதீர்கள். தேனீ இடத்தை நினைவில் வைத்து வருவதால், பழைய இடத்தில் சுற்றிவிட்டுப் போய்விடும். அதே காரணத்தால் சில அடிகளுக்கு மேல் தள்ளி வைக்கவும் வேண்டாம்.

பிறகு தொட்டியை ஒரு முக்காலியின் மேலோ கவிழ்த்த வாளியின் மேலோ ஏற்றுங்கள். பூ உங்கள் மார்பு உயரத்துக்கு வந்தால் இரண்டு நன்மைகள். குனிந்து எடுப்பதால் வரும் கை நடுக்கம் இருக்காது. கேமரா பூச்சியின் கண் மட்டத்துக்கு வந்துவிடும். மேலிருந்து எடுத்த படத்தில் தெரிவது பூச்சியின் முதுகு மட்டும்தான். அதன் எதிரே நின்று எடுத்தால் அதற்கொரு முகம் வரும்.

தண்டின் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, துணி மாட்டும் கிளிப்பால் தண்டை அதோடு லேசாகப் பிடித்துவைத்தால் காற்றாட்டம் பாதியாகும். கிளிப் படத்துக்குள் வராமல் கீழே இருக்கட்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழுத்த இலை, சிலந்திவலைப் பிசிறு எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள். பூச்சி வந்த பிறகு செடியில் கை வைக்கக் கூடாது.

5. உங்கள் போனால் எவ்வளவு நெருங்க முடியும்

லென்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. மேசையில் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, ஃபோகஸ் கிடைக்கும் கடைசி தூரம் வரை போனைக் கொண்டுபோய் ஒரு படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் கோடுகள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். 60 மி.மீ. தெரிந்தால் பட்டாம்பூச்சிக்குப் போதும். தேனீக்கு 25, 30 மி.மீ. வேண்டும். எறும்புக்கும் அசுவினிக்கும் 10, 15 மி.மீ. வர வேண்டும். இதை எல்லாக் கேமராக் கண்களிலும் செய்து பாருங்கள்.

விலை குறைந்த பல போன்களில் 'மேக்ரோ' என்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் கண் இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் அது. முதன்மைக் கண்ணில் சற்றுத் தள்ளி எடுத்துப் பிறகு வெட்டிக்கொண்டால் அதைவிட நன்றாக வரும். விலை கூடிய போன்களில் மேக்ரோ என்பது அகலக் கண்ணால் (அல்ட்ராவைட்) மிக அருகில் போய் எடுப்பது. தரம் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும், போனின் நிழலே பூச்சி மேல் விழும்.

இந்த இடத்தில்தான் போனின் கண் மேல் மாட்டும் கிளிப் லென்ஸ் உதவும். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. வாங்கும்போது பெருக்கம் மிக அதிகமாக இருப்பதைத் தேடாதீர்கள். பெருக்கம் கூடக் கூடப் பூச்சிக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி குறையும், தெளிவாக வரும் பகுதியும் சுருங்கும். இடைவெளி கூடுதலாக உள்ள, பெருக்கம் குறைந்த லென்ஸே தொடக்கத்துக்கு ஏற்றது.

மாட்டும்போது போன் உறையைக் கழற்றிவிட்டு, முதன்மைக் கண்ணின் நடுவில் சரியாக உட்காரவையுங்கள். தானாக மேக்ரோவுக்கு மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், அருகில் போனதும் போன் தன் போக்கில் அகலக் கண்ணுக்குத் தாவிவிடும். லென்ஸ் ஓரிடத்தில், படம் வேறு கண்ணில். "லென்ஸ் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

கேமரா இருப்பவர்களுக்கு 90 முதல் 105 மி.மீ. வரை குவியத் தூரமுள்ள மேக்ரோ லென்ஸ் சௌகரியம். அது இல்லையென்றால் இருக்கிற லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபும் போதும். ஆட்டோஃபோகஸ் இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இணைப்பு இல்லாததில் பல கேமராக்களில் துவாரத்தை (லென்ஸ் திறந்திருக்கும் அளவு, எஃப் எண்) மாற்றவே முடியாது.

6. அமைப்புகள்

போனில் நான்கு விஷயங்களை அணைக்க வேண்டும். போர்ட்ரெய்ட் முறை முதலில். அது பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது. பூச்சியின் உணர்கொம்பும் காலும் அந்தக் கணக்கில் காணாமல் போகும். உணர்கொம்பு இல்லாத பட்டாம்பூச்சிப் படத்தைப் பார்த்தால் அது எப்படி எடுத்தது என்று சொல்லிவிடலாம். அடுத்து இரவு முறை, அழகூட்டும் ஃபில்டர், போனின் சொந்த ஃபிளாஷ். அந்த ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுவதைத் தவிர வேறு பயனில்லை.

பிறகு பூவில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டப்படும். வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இறக்குங்கள். திருநீற்றுப்பச்சிலையும் கொத்தமல்லியும் வெள்ளைப் பூக்கள். வெளுத்துப்போன வெள்ளையிலிருந்து பிறகு எதையும் மீட்க முடியாது, இருட்டிய பகுதியை ஓரளவு தூக்கிவிடலாம்.

புரோ முறை இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு வையுங்கள். உட்கார்ந்து தேன் குடிக்கும் தேனீக்கு அது போதும். தேனீ நொடிக்கு 200 முறைக்கு மேல் சிறகடிப்பதால் பறக்கும்போது சிறகு உறைந்து நிற்க 1/2000 கூடப் போதாமல் போகலாம். சிறகு கலங்கியிருந்தால் ஒன்றும் குறையில்லை, முகம் தெளிவாக இருந்தால் சரி.

கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பதானால் எஃப் 8, 1/500, ஐஎஸ்ஓ தேவைக்கேற்ப. ஃபிளாஷோடு எடுப்பதானால் மேனுவல் முறையில் 1/200, எஃப் 8 முதல் எஃப் 11 வரை, ஐஎஸ்ஓ 200. துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி சிதறி மொத்தப் படமுமே மழுங்கிவிடும். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை டிரேசிங் பேப்பரையோ மெல்லிய வெள்ளை ஃபோம் தாளையோ வளைத்துக் கட்டுவது கட்டாயம். அந்தத் தாள் பூச்சிக்கு எவ்வளவு அருகிலும் எவ்வளவு அகலமாகவும் இருக்கிறதோ, வெளிச்சம் அவ்வளவு மென்மை.

7. நெருங்குவது

பூச்சியைப் பின்தொடராதீர்கள். ஒரு கதிரைத் தேர்ந்தெடுத்து அதற்கு எதிரே இருங்கள். பூச்சி உங்களிடம் வரும். மாடித் தோட்டம் சின்னது, பூ சில கதிர்களில்தான் இருக்கிறது, வேறு எங்கே போகும்?

அது வந்து உட்கார்ந்ததும் முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். நன்றாக இருக்காது, பரவாயில்லை. பறந்துவிட்டால் அடையாளம் காண அதுவாவது கையில் இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுங்கள். பூச்சிக்கு உருவம் தெளிவாகத் தெரியாவிட்டாலும் அசைவு நன்றாகத் தெரியும். குறிப்பாகப் பக்கவாட்டு அசைவு. நேராக, மெதுவாக, கையை விசிறாமல் போனால் பல பூச்சிகள் பொருட்படுத்தாது.

நிழலைக் கவனியுங்கள். உங்கள் நிழல் பூச்சி மேல் விழுந்த அந்த நொடியே அது கிளம்பிவிடும். மூச்சையும் கவனியுங்கள். போனை முகத்துக்கு அருகே வைத்து நெருங்கும்போது மூச்சுக் காற்று நேராகப் பூவில் படும், தேனீக்களுக்கு அது பிடிக்காது. தலையைச் சற்று ஒருபக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

தெளிவான தூரத்துக்கு வந்த பிறகு ஃபோகஸைத் திரும்பத் திரும்பத் திரையில் தட்டித் தேட வேண்டாம். பூட்டிய ஃபோகஸோடு உங்கள் உடலை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கண் தெளிவாகும் நேரத்தில் தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்டை அழுத்துங்கள். பத்துப் படத்தில் ஒன்று சரியாக விழும், அந்த விகிதம் எல்லோருக்கும் பொது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். தோள் உயரக் குச்சி ஒன்றைத் தரையில் ஊன்றி, போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் இன்னும் குறையும்.

இன்னொரு விஷயம். கைப்பிடிச் சுவர் தாழ்வாக உள்ள மாடிகளில், திரையைப் பார்த்தபடியே பின்னால் நகரக் கூடாது. கவிழ்த்துவைத்த தொட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாம் காலில் தட்டும். நகர வேண்டுமென்றால் போனை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்து நகருங்கள்.

8. பூச்சிக்குப் பூச்சி முறை மாறும்

அருகில் எடுக்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக வரும். அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. பொது விதி, கண்ணில். கண் மங்கி வேறெல்லாம் தெளிவாக இருந்தால் அந்தப் படத்தைப் பார்க்கவே தோன்றாது.

பட்டாம்பூச்சி சிறகை மூடியிருந்தால் சரியாகப் பக்கவாட்டில், சிறகின் தளமும் போனின் தளமும் இணையாக இருக்கும்படி நில்லுங்கள். அப்போது அந்த மெல்லிய தெளிவுக்குள் முழுச் சிறகும் அடங்கும். விரித்திருந்தால் மேலிருந்து. சாய்வாக எடுத்தால் ஒரு சிறகு தெளிவு, மறு சிறகு புகை.

பொறிவண்டின் முதுகு கண்ணாடிபோலப் பளபளக்கும், சுற்றியுள்ளதெல்லாம் அதில் தெரியும். வேட்டித் திரைக்குப் பின்னாலோ மேகமூட்டமான நாளிலோ மட்டும் எடுங்கள். ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் வண்டு, குச்சியின் உச்சிக்குப் போனதும் பறப்பதற்கு முன் ஒரு கணம் நிற்கும். அங்கே காத்திருங்கள்.

அந்தரத்தில் மிதந்தபடி நிற்கும் ஈயை வேளாண் துறையினர் சிர்ஃபிட் ஈ என்பார்கள். மஞ்சள் கறுப்புப் பட்டையைப் பார்த்துப் பலர் குளவி என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அதற்குக் கொடுக்கே கிடையாது. சிறகு இரண்டு மட்டும் இருக்கும், உணர்கொம்பு மிகச் சிறியது, தலை முழுக்கக் கண். ஒரே இடத்தில் மிதப்பதால், பறக்கும் பூச்சியை எடுத்துப் பழக இதுவே முதல் ஆள். பல இனங்களின் புழுக்கள் அசுவினியைத் தின்பவை. நீங்கள் விட்டுவைத்த அந்தத் தொட்டிக்கு அவையும் வரக்கூடும்.

எறும்பும் அசுவினியும் சேர்ந்திருக்கும் தண்டை எடுக்கும்போது எறும்பைத் துரத்தாதீர்கள். அசுவினிக் கூட்டத்தில் ஃபோகஸை வைத்து, எறும்பு தன் கொம்பால் அசுவினியைத் தட்டித் தேன்துளி வாங்கும் வரை காத்திருங்கள். இதற்கு அதிகப் பெருக்கமுள்ள லென்ஸ் வேண்டும்.

கும்பிடு பூச்சியும் குதிக்கும் சிலந்தியும் கேமராவைத் திரும்பிப் பார்க்கும். சிலந்தி பூச்சியினம் இல்லைதான், ஆனாலும் அதன் முன்வரிசைப் பெரிய கண்களை ஒருமுறை எடுத்துவிட்டால் இந்தப் பழக்கத்தை விட முடியாது.

9. கறிவேப்பிலைப் புழு: புதியவர்களுக்கான நல்ல பாடம்

ஒரே ஒரு பூச்சியை எடுத்துப் பழக வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இது பறக்காது, ஓடாது, நாளைக்கும் அதே செடியில் இருக்கும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழுக் கதையும் உங்கள் தொட்டியிலேயே நடக்கும்.

இளந்தளிர்களைப் புரட்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில் கடுகளவு உருண்டை தனியாக ஒட்டியிருந்தால் அது முட்டை. பொரித்து வரும் சிறு புழு கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். பறவை தின்னாமல் இருக்க அந்த வேஷம். அழுக்கு என்று நினைத்து இலையை உதறிவிடுபவர்கள் உண்டு. வளர்ந்த பிறகு கடைசியாகத் தோல் உரித்ததும் பச்சையாகிவிடும். இலையின் பச்சையும் புழுவின் பச்சையும் ஒன்றாகக் கலப்பதால், இந்தக் கட்டத்தில் பக்கவாட்டு வெளிச்சமும் தள்ளி இருக்கும் அடர்த்தியான பின்னணியும் தேவை. இல்லாவிட்டால் படத்தில் புழுவைத் தேட வேண்டியிருக்கும்.

தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். படத்துக்காக அதைக் குச்சியால் குத்திக் குத்தி எழுப்புவது வேண்டாம். எறும்போ குளவியோ அருகில் வரும்போது தானாகவே நீட்டும், அப்போது எடுங்கள்.

நன்றாகத் தின்று பெருத்த புழு திடீரெனச் செடியை விட்டு அலையத் தொடங்கினால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று பொருள். இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். பக்கத்துத் தொட்டி, சுவர், குழாய் எங்கும் தேடுங்கள். கூடு கறுத்து உள்ளே சிறகின் நிறம் தெரியத் தொடங்கினால், பெரும்பாலும் மறுநாள் காலையில் வெளிவரும். முதல் நாள் இரவே ஸ்டூலைப் போட்டு, ஃபோகஸ் தூரத்தைச் சரிபார்த்து வைத்துவிடுங்கள். வெளிவருவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிறகு விரிந்து உலர அதற்கு மேல் நேரமாகும், அதற்குள் தொடக் கூடாது.

இலை குறைகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு: வளர்ந்த கறிவேப்பிலைச் செடி நாலைந்து புழுக்களைத் தாங்கும். சின்னச் செடி என்றால் ஒன்றிரண்டை மட்டும் விட்டு, மற்றவற்றை இலையோடு வேறொரு கறிவேப்பிலைக்கோ எலுமிச்சைக்கோ மாற்றலாம்.

10. செய்யக் கூடாதவை

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுப்பது, பசை தடவி ஒட்டுவது, காலைக் கட்டுவது என்றெல்லாம் யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் கால்களின் நிலையே காட்டிக்கொடுக்கும், பூச்சிக்கும் கேடு.

குளவிக் கூட்டுக்கு அருகில் கிளிப் லென்ஸோடு போக வேண்டாம். பூவில் தேன் குடிக்கும் குளவி உங்களைக் கண்டுகொள்ளாது. கூட்டைக் காக்கும் குளவியின் சமாசாரம் வேறு. கம்பளிப்பூச்சி இருக்கும் கிளையில் கையை ஊன்றாதீர்கள். தேனீ கொட்டினால் ஒவ்வாமை வருபவர்கள் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, ஜூம் உள்ள கேமராவில் எடுப்பதுதான் பாதுகாப்பு.

11. எடுத்த பிறகு

அன்றைக்கே உட்கார்ந்து கழித்துவிடுங்கள். முதல் சுற்றில் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், மங்கியிருந்தால் நீக்குங்கள். ஆனால் ஒவ்வொரு பூச்சிக்கும் அடையாளப் படங்கள் என்று மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, அது இருந்த செடி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அழகான ஒரே ஒரு முகப் படத்தை வைத்து எந்த நிபுணராலும் பெயர் சொல்ல முடியாது. பட்டாம்பூச்சிக்கு மூடிய சிறகின் அடிப்புறம் அவசியம். பல இனங்களைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பக்கம்தான்.

கறிவேப்பிலை அழகியில் ஒரு சிக்கல் உண்டு. அதன் பெண்களில் சில, நச்சுத்தன்மையுள்ள வேறு பட்டாம்பூச்சிகளைப் போல வேஷம் போடும். சிறகை மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் தவறிவிடும். உடலைப் பாருங்கள். நிஜமான நச்சுப் பட்டாம்பூச்சிக்கு உடலில் சிவப்பு இருக்கும், வேஷக்காரிக்கு உடல் கறுப்பு.

பெயர் தெரிந்துகொள்ள ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்களைப் பதிவேற்றலாம். கணினி தரும் முதல் யோசனையை அப்படியே ஏற்காதீர்கள், சிறு தேனீக்களிலும் ஈக்களிலும் அது அடிக்கடி தடுமாறும். பேரினம் வரை மட்டும் குறித்துவிட்டு மற்றவர்கள் சொல்லும் வரை விடலாம். முக்கியமாக ஒன்று: இது உங்கள் வீட்டு மாடி. பதிவேற்றும்போது இடத்தை 'மறைத்துக் காட்டு' என்ற அமைப்பில் வையுங்கள். அது தோராயமான பகுதியை மட்டுமே மற்றவர்களுக்குக் காட்டும்.

வெட்டுவது, வெளிச்சம் திருத்துவது இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கூர்மையை அளவுக்கு மீறி ஏற்றினால் பூச்சியின் மெல்லிய முடிகள் கம்பி முட்கள்போல நிற்கும். கோப்பின் பெயரில் தேதி, செடி, பூச்சி என்ற வரிசையில் எழுதிவையுங்கள். செடியின் பெயரை எழுதுவது வீண் வேலையாகத் தோன்றும். அடுத்த வருடம் எந்தத் தொட்டியைக் கிள்ளாமல் விடுவது என்று முடிவுசெய்ய அந்தப் பட்டியல்தான் உதவும்.